வேகமும் விதியும்

ஒவ்வோர் உயிரும் மரணத்தைச் சுவைத்தே தீரும் என்பதைத் திருமறை மூன்று இடங்களில் நமக்கு நினைவூட்டுகிறது. இதில் ஐயம் கொள்பவர் எவருமில்லை. ஆயினும், நிறைவாழ்வு வாழ்ந்த முதியவர் ஒருவரின் ஜனாஸா பள்ளிவாசல் முற்றத்தில் வைக்கப்படும்போது நிலவும் அமைதி ஒருவகை. மீசை அரும்பிய வாலிபன் ஒருவனின் ஜனாஸா வைக்கப்படும்போது நிலவும் அமைதி முற்றிலும் வேறுவகை. தந்தையின் முகத்தை நிமிர்ந்து பார்க்க ஜமாஅத்தாருக்குத் துணிவு வருவதில்லை. வீட்டினுள்ளே தாய்க்கு ஆறுதல் சொல்லத் தெரிந்தவர் எவருமில்லை.

அன்புச் சகோதரர்களே! இத்தகைய ஜனாஸாக்களை நம் ஊர்கள் அடிக்கடி காண்கின்றன. மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தொகுத்த கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவர்களில் ஏறத்தாழ 75,000 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் சென்று மாண்டவர் மட்டும் 50,029 பேர். நம் தமிழ்நாட்டில் அவ்வாண்டு சாலைகளில் மடிந்தவர் 17,884 பேர். நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட மரணங்களுக்கு அதிவேகமே காரணமென்று அக்கணக்கு குறிக்கிறது. மாண்டோரில் மூன்றில் இரு பங்கினர் 18 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்கள். குடும்பத்தின் சுமையைத் தோளில் தாங்க வேண்டிய வயதினர் அவர்கள்!

இரண்டு நெடுஞ்சாலைகளுக்கு இடையே

விழுப்புரம் மாவட்டத்தில், வானூர் வட்டத்தில், இரும்பை என்றொரு சிற்றூர் உண்டு. தேவாரப் பாடல் பெற்ற பழமையான சிவாலயத்தால் அவ்வூர் பெயர் பெற்றது. அதன் ஒருபுறம் திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் நான்குவழி நெடுஞ்சாலை. மறுபுறம், ஆரோவில்லின் தோப்புகளைக் கடந்து சென்றால், சென்னையிலிருந்து வரும் கிழக்குக் கடற்கரைச் சாலை. அச்சாலையின் மீதுதான் நம் சமுதாயத்தார் பெருமளவில் வாழும் கோட்டக்குப்பம் அமைந்திருக்கிறது.

இவ்விரு பெருஞ்சாலைகளையும் இணைப்பவை குறுகிய ஊர்ச்சாலைகள். அவற்றில் பள்ளிப் பிள்ளைகள் நடக்கிறார்கள். கூலி வேலைக்குச் செல்லும் பெண்கள் நடக்கிறார்கள். மாடுகள் குறுக்கே வருகின்றன. புதுவையில் வாடகைக்கு எடுத்த வண்டிகளில் வழி தெரியாத வெளியூரார் தயங்கித் தயங்கிச் செல்கிறார்கள். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்த இளைஞன் இச்சாலைக்குள் திரும்புகிறான். சாலை மாறிவிட்டது. ஆனால் அவன் கண்ணும் கையும் மாறவில்லை. நெடுஞ்சாலையின் வேகம் அவனுக்குப் பழகிவிட்டபடியால், அறுபதில் செல்லும்போதும் ஊர்ந்து செல்வதாகவே அவனுக்குத் தோன்றுகிறது. வண்டியோட்டுவோர் அனைவரும் அறிந்த மயக்கம் இது. வளைவில் ஒரு கன்றுக்குட்டி நின்றால் போதும், முடிந்துவிடுகிறது.

இரும்பைச் சாலையை ஓர் உதாரணமாகவே எடுத்துக்கொண்டேன். உங்கள் ஊரிலும் இத்தகைய சாலை ஒன்று இருக்கும். அதன் எந்த வளைவில் எவருடைய மகன் வீழ்ந்தான் என்பது உங்கள் தெருவுக்குத் தெரிந்திருக்கும்.

தோழர்களின் துக்கம்

அவ்வாறு வீழ்ந்தவனின் ஜனாஸாவுக்கு அவனுடைய தோழர்கள் திரளாக வருகிறார்கள். இருபது முப்பது மோட்டார் சைக்கிள்கள் பள்ளிவாசலின் வாயிலில் வரிசையாக நிற்கின்றன. சந்தூக்கைத் தூக்குவதற்கு அவர்கள் போட்டியிடுகிறார்கள். கபருக்கு மூன்று கைப்பிடி மண் இடும்போது அவர்களுடைய கைகள் நடுங்குகின்றன. அவர்களின் துக்கம் பொய்யன்று. கூடவே வண்டியோட்டிய தோழன், ஒரே தேநீர்க் கடையில் ஒரே குவளையைப் பகிர்ந்தவன், இனி வரமாட்டான் என்பதை அவர்கள் உண்மையாகவே உணர்கிறார்கள்.

அழுவது மார்க்கத்துக்கு முரணன்று. தம் அருமைக் குழந்தை இப்ராஹீம் உயிர் பிரியும் தறுவாயில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருக்கண்கள் நீர் சொரிந்தன. தாங்களுமா அழுகிறீர்கள் என்று அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வியந்தபோது, அது இரக்கத்தின் அடையாளம் என்று அண்ணலார் விளக்கினார்கள். கண் அழலாம், இதயம் வருந்தலாம், ஆனால் நாவு இறைவனுக்கு உவப்பானதையே பேச வேண்டும் என்ற எல்லையையும் வகுத்தார்கள்.

ஆனால் அடக்கம் முடிந்து நான்கு நாள் கழியட்டும். அதே தோழர்கள், அதே சாலையில், அதே வேகத்தில் பறக்கிறார்கள். சிலர் மறைந்தவனின் படத்தை வண்டியின் முகப்பில் ஒட்டிக்கொண்டு, அவன் நினைவாக என்று கூறிக் கூட்டமாக விரைகிறார்கள். அவனைக் கொன்றது எதுவோ அதனையே அவனுக்கு அஞ்சலியாகச் செலுத்துகிறார்கள்!

இளைஞர்களே, உங்களைக் கடிந்துகொள்வது என் நோக்கமன்று. ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன். நோயால் ஒருவன் இறந்தால், அந்நோய் தனக்கு வராதிருக்க அவன் நண்பன் ஆவன செய்துகொள்வதில்லையா? வேகத்தால் இறந்தவனின் நண்பன் மட்டும் தன் வேகத்தைத் தொடாமல் விட்டுவிடுவது ஏன்?

விதி என்று சொல்லிவிடலாமா?

இக்கேள்விக்கு எளிதான விடை ஒன்றை நம்மவர் வைத்திருக்கிறார்கள். எல்லாம் நஸீபு, அவனுக்கு அன்று மவுத்து எழுதப்பட்டிருந்தது, வீட்டில் படுத்திருந்தாலும் வந்திருக்கும் என்பார்கள்.

தக்தீரை நம்புவது ஈமானின் கடமைகளுள் ஒன்று. ஆயுளை நிர்ணயிப்பவன் அல்லாஹ் ஒருவனே. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு இந்நம்பிக்கையே மருந்து. ஆனால் அதே மருந்தை, உயிரோடு இருப்பவன் தன் கவனக்குறைவுக்குச் சாக்காக அருந்துவானாயின் அது நஞ்சாகிவிடுகிறது.

அமீருல் மூமினீன் உமர் (ரலி) அவர்களின் வரலாற்றை நினைவுகூருங்கள். ஹிஜ்ரி பதினெட்டை ஒட்டிய காலம். அவர்கள் படையுடன் ஷாம் நாட்டை நோக்கிச் சென்றுகொண்டிருந்தார்கள். ஸர்ஃகு என்னுமிடத்தை அடைந்தபோது, ஷாமில் கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி எட்டியது. முஹாஜிர்களையும், அன்ஸார்களையும், பின்னர் குறைஷியரில் மூத்தவர்களையும் கலந்து ஆலோசித்துவிட்டுத் திரும்பிச் செல்வதென முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) வினவினார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) விடையளித்தார்கள். ஓர் உவமையும் கூறினார்கள். பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமை, மறுபக்கம் வறட்சி. ஒட்டகங்களைப் பசுமையில் மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதி. வறட்சியில் மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதி. எப்பக்கம் ஓட்டுவது என்பதில் மேய்ப்பனுக்குப் பொறுப்பு உண்டன்றோ!

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவதா, அவிழ்த்துவிட்டு நம்புவதா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டு, பின்னர் நம்பு என நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. தலைக்கவசத்தின் வாரை மோவாயின் கீழே மாட்டுவது அந்தக் கயிற்றைக் கட்டுவதே. கவசத்தை வண்டியின் பின்புறத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்படுபவன், கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டவனாவான்.

கணக்கையும் சற்றுப் பார்ப்போம். வேகம் இரு மடங்கானால் மோதலின் வலிமை நான்கு மடங்காகும். இது படைத்தவன் இவ்வுலகில் அமைத்த நியதி; எவருக்காகவும் மாறாது. 40 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டாம் மாடியிலிருந்து, தரையில் வீழ்வதற்கு ஒப்பானது. 80 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது ஏறத்தாழ 25 மீட்டர் உயரத்திலிருந்து, எட்டாம் மாடியிலிருந்து, வீழ்வதற்கு ஒப்பானது. அவ்வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. கண் அபாயத்தைக் கண்டு, கை தடையைப் பிடிப்பதற்குள்ளாகவே அந்த 22 மீட்டரும் கடந்துவிடும்.

இதனால் கிடைக்கும் இலாபம் யாது? திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அறுபதில் சென்றால் நாற்பது நிமிடம். எண்பதில் சென்றால் முப்பது நிமிடம். மிச்சமாவது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தையும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் புதுச்சேரியின் ஏதேனும் ஒரு கடை வாயிலில் நின்று பேசியே கழித்துவிடுகிறார்கள்.

ஒரு தாயின் கேள்வி

வேகமாக ஓட்டி இறந்தவனின் தாய், மார்க்கம் அறிந்தவர்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. என் மகன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்களின் கூட்டத்தில் சேர்க்கப்படுவானா? அக்கம்பக்கத்தில் எவரோ வாய் தவறிச் சொன்ன சொல், அவளுடைய நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிடுகிறது.

தாய்மார்களே, அமைதி கொள்ளுங்கள். தற்கொலை என்பது சாக வேண்டும் என்ற எண்ணத்துடன் செய்யும் செயல். உங்கள் பிள்ளை வீட்டுக்குத் திரும்பி வரும் எண்ணத்துடனேயே புறப்பட்டான். அவன் செய்தது கவனக்குறைவாயிருக்கலாம். வரம்பு மீறியதாயும் இருக்கலாம். அதன் கணக்கு, கருணையே வடிவான ரப்பிடம் இருக்கிறது. அவனுக்குத் தொழுகை நடத்துவதும், பாவமன்னிப்பு வேண்டுவதும், அவன் பெயரால் தருமம் செய்வதும் நம் கடமைகள். நீரில் மூழ்கியவரும், இடிபாட்டில் சிக்கியவரும் ஷஹீதின் கூலியைப் பெறுவர் என்ற நபிமொழியைக் கொண்டு, விபத்தில் திடீரென மாண்டவருக்கும் அந்நற்பேறு கிட்டுமென நம்பிக்கை தெரிவிக்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள். இறந்தோரை ஏசக்கூடாது என்பதும் நபிகளாரின் கட்டளையே. ஆகவே துக்க வீட்டில் அமர்ந்து தீர்ப்புக் கூறுவோர் தம் நாவை அடக்கிக்கொள்ளட்டும்.

ஆனால் மறைந்தவனுக்காக நாம் வைக்கும் நம்பிக்கை, இருப்பவனுக்கு உரிமச்சீட்டாகாது. தம் கைகளாலேயே தம்மை அழிவில் போட்டுக்கொள்ளலாகாது என்று அல்பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனம் தடுக்கிறது. அவ்வசனம் அறவழியில் பொருள் செலவிடுவதைப் பற்றி இறங்கியது. ஆயினும் அதன் பொதுவான பொருளைக் கொண்டு, வீணாக உயிரைப் பணயம் வைக்கும் எல்லாச் செயல்களையும் இமாம்கள் அதில் அடக்கியிருக்கிறார்கள்.

வேகமே கூடாதா?

அப்படியானால் இஸ்லாம் வேகத்தை வெறுக்கிறதா என்று வாலிபர்கள் கேட்கலாம். இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். புகாரியில் வரும் அச்செய்தியின் நுட்பத்தைக் கவனியுங்கள். பந்தயத்துக்கெனப் பயிற்றுவிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்னுமிடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை எல்லை குறித்தார்கள். அது ஐந்தாறு மைல் தொலைவு. பயிற்சி பெறாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை மட்டுமே. அது ஒரு மைல். வாலிபரான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அதில் கலந்துகொண்டவர். அங்கே வேகம் உண்டு. அதற்கென வகுத்த களம் உண்டு. பயிற்சிக்கேற்ற எல்லை உண்டு. சந்தைக்குப் போகும் மூதாட்டியின் பாதை அக்களத்தில் இல்லை.

பொதுவழியில் அண்ணலார் எவ்வாறு வாகனம் செலுத்தினார்கள் என்பதற்கு, ஹஜ்ஜத்துல் விதா பயணமே சான்று. அரஃபாத்திலிருந்து மக்கள் வெள்ளம் திரும்பிக்கொண்டிருந்தது. பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் ஓசையும் கூச்சலும் கேட்டன. பெருமானார் சாட்டையால் சைகை செய்து, அமைதியைக் கடைப்பிடிக்குமாறும் விரைந்து ஓட்டுவதில் புண்ணியம் இல்லையென்றும் உணர்த்தினார்கள். தம் ஒட்டகத்தின் கடிவாளத்தை, அதன் தலை சேணத்தைத் தொடுமளவுக்கு இழுத்துப் பிடித்திருந்தார்கள். அதே பயணத்தில், கூட்டம் விலகி வெட்டவெளி தென்பட்டபோது சற்று விரைந்தார்கள் என்று உஸாமா (ரலி) அறிவிக்கிறார்கள். கூட்டத்தில் நிதானம், இடமிருந்தால் அளவான விரைவு. சாலை விதிகளின் சாரம் முழுவதும் இதில் அடங்கிவிடவில்லையா?

பெண்களை ஏற்றிச் சென்ற ஒட்டகங்களை அன்ஜஷா என்பவர் இசைபாடி விரைவுபடுத்தியபோது, கண்ணாடிக் குவளைகளைக் கொண்டு செல்வது போல மெல்ல ஓட்டுமாறு அவரைப் பணித்தார்கள். பின்னிருக்கையில் தாயையோ தங்கையையோ அமர்த்திக்கொண்டு செல்பவர் அனைவரும் இதனை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இன்று வெள்ளிக்கிழமை. குத்பாவின் ஓசை கேட்டபின் வண்டியை முறுக்கிக்கொண்டு வருவோரை ஒவ்வொரு ஜும்ஆவிலும் காண்கிறோம். இகாமத் சொல்லப்பட்டாலும் தொழுகைக்கு ஓடி வரலாகாது. அமைதியாகவும் கண்ணியமாகவும் நடந்து வந்து, கிடைத்ததைத் தொழுது, தவறியதைப் பூர்த்தி செய்ய வேண்டும் என்பது நபிபோதனை. தொழுகைக்கே ஓட அனுமதி இல்லையென்றால், தேநீர்க் கடைக்குப் பறப்பதற்கு அனுமதி எங்கிருந்து வரும்?

பாதை பிறருக்கும் உரியது

இதுவரை ஓட்டுபவனின் உயிரைப் பற்றிப் பேசினோம். சாலையில் நடந்து செல்லும் பிறருடைய உயிர் அதனினும் கனமான பொருள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் புர்ஹானுத்தீன் மர்ஃகீனானீ இயற்றிய ஹிதாயா, நம் மதரஸாக்களில் இன்றும் ஓதப்படும் ஹனஃபீ சட்டநூல். பொதுவழியில் செல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் பிறருக்குத் தீங்கு நேராமை என்னும் நிபந்தனைக்கு உட்பட்டே அவ்வுரிமை உண்டு என்று அது சட்டம் வகுக்கிறது. தன் பிராணி ஒருவரை மிதித்துவிட்டால், அதன் மேல் அமர்ந்திருப்பவன் ஈடு செய்ய வேண்டும் என்கிறது. பிராணிக்கென்று ஒரு சுயவிருப்பம் உண்டு. அப்படியிருந்தும் அதனை ஓட்டியவனே பொறுப்பு. முறுக்கினால் ஓடி, விட்டால் நிற்கும் இரும்புக் குதிரைக்கு எவர் பொறுப்பு?

இக்கால அறிஞர்களும் இதனை ஆராயாமல் விடவில்லை. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, 1993ஆம் ஆண்டு ஜூனில் புருனை நாட்டில் கூடியபோது, சாலை விபத்துகளைப் பற்றி ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. ஷரீஅத்துக்கு முரணாகாத போக்குவரத்து விதிகளைப் பின்பற்றுவது மார்க்கக் கடமை என்பதும், பிறருக்கு இழைத்த சேதத்துக்கு ஓட்டுநர் பொறுப்பாளி என்பதும் அதன் சாரம். சிவப்பு விளக்கில் நிற்பது காவலருக்கு அஞ்சிச் செய்யும் காரியம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது ரப்புக்கு அஞ்சிச் செய்ய வேண்டிய காரியமும் ஆகும்.

தவறுதலாக ஓர் உயிரைக் கொன்றுவிட்டவன் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனம் விவரிக்கிறது. இறந்தவரின் குடும்பத்துக்கு தியத் என்னும் இழப்பீடு தர வேண்டும். அதன்றி, அடிமையை விடுதலை செய்யும் வாய்ப்பில்லாதவர் இரண்டு மாதங்கள் இடைவிடாது நோன்பு நோற்க வேண்டும். எண்ணிப் பாருங்கள்! கொல்லும் எண்ணமே இல்லாதவனுக்குச் சொன்ன பரிகாரம் இது. ஒரு கணம் கையை முறுக்கியதற்கு அறுபது நாள் நோன்பு! காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது என்று எண்ணுவோர், இந்நோன்பைப் பற்றித் தம் ஊர் ஆலிமிடம் கேட்டறிவது நலம்.

துக்கம் கனி தந்த கதை

பந்தயக் களத்திலும் மரணம் நுழையும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் பந்தயத் தடம் அமைந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் அங்கு நடந்த தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தில், பெங்களூரைச் சேர்ந்த ஷ்ரேயஸ் ஹரீஷ் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவர் முதல் வளைவைக் கடக்கையில் வீழ்ந்து, தலையில் காயமுற்று மாண்டார். பந்தயம் உடனே நிறுத்தப்பட்டது. அன்றும் மறுநாளும் நடக்கவிருந்த பந்தயங்கள் அனைத்தும் கைவிடப்பட்டன. சக ஓட்டுநர்கள் தம் வண்டிகளை நிறுத்திவிட்டுத் துக்கம் காத்தனர். எதிரே லாரி வராத தடம் அது. மருத்துவ ஊர்தி ஆயத்தமாக நின்ற தடம். கவசம் அணிந்து, பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே ஓட்டும் தடம். அங்கேயே இவ்வாறு நேருமாயின், லாரியும் பேருந்தும் மாட்டு வண்டியும் கலந்து செல்லும் சாலையைப் பந்தயத் தடமாக்குவோர் எதனை நம்பி அவ்வாறு செய்கிறார்கள்?

துக்கம் எவ்வாறு பிறருக்குப் பயன்படலாம் என்பதற்கு ஒரு வரலாற்றைக் கூறுகிறேன். முதல் உலகப் போரின்போது அரபு நாட்டுக் கிளர்ச்சியில் பங்குகொண்ட ஆங்கிலேயரான லாரன்ஸைப் பலரும் அறிவீர்கள். அவருடைய அரசியல் நமக்கு உடன்பாடா என்பது இங்கே பேச்சன்று. அவர் மோட்டார் சைக்கிளில் வேகமாகச் செல்வதில் பெருவிருப்புடையவர். 1935ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், இங்கிலாந்தில் தம் இல்லத்துக்கு அருகே, சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள் மீது மோதாதிருக்க வண்டியைத் திருப்பியபோது தூக்கியெறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து, மே 19ஆம் நாள் இறந்தார். வயது 46.

அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணரும் ஒருவர். பின்னர் அவர் இராணுவத்தில் செய்தி கொண்டு செல்லும் மோட்டார் சைக்கிள் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்தார். தலைக்கவசத்தின் இன்றியமையாமையைப் பற்றி 1941இல் மருத்துவ இதழொன்றில் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டு இறுதியிலேயே பிரிட்டிஷ் இராணுவத்தின் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. பொதுமக்களுக்கும் அதனைக் கட்டாயமாக்கும் சட்டம் பிரிட்டனில் 1973இல் வந்தது. கெய்ர்ன்ஸ் 1952இலேயே மறைந்துவிட்டார். தம் உழைப்பால் எத்தனை தாய்மாரின் கண்ணீர் தடுக்கப்பட்டது என்பதை அவர் அறியவில்லை. பிற்காலத்தில் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியவர்கள், தலைக்கவசம் மரண அபாயத்தை நூற்றுக்கு 42 அளவும், தலைக்காய அபாயத்தை நூற்றுக்கு 69 அளவும் குறைக்கிறது எனக் கண்டார்கள். ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலம் அனைத்தையும் வாழவைத்தவர் போலாவார் என்று அல்மாயிதா அத்தியாயம் போதிக்கிறது. ஒரு மரணத்தைக் கண்டவர் அதிலிருந்து பாடம் கற்றுப் பிறரைக் காத்த வகை இதுவே.

நாம் செய்ய வேண்டியவை

தோழனை இழந்த இளைஞர்களே! நீங்கள் மருத்துவ ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. உங்களால் இயன்றவை பல உண்டு. மறைந்தவனின் மோட்டார் சைக்கிளுக்குத் தவணைக் கடன் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கடன் தீரும்வரை மூமினின் ஆன்மா அக்கடனோடு பிணைந்திருக்கும் என்பது நபிமொழி. நினைவுச் சுவரொட்டிக்குச் செலவிடும் பணத்தை அக்கடனுக்குச் செலுத்துங்கள். ஜஅஃபர் (ரலி) முஅத்தா போரில் ஷஹீதானபோது அவர் வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபிகளார் பணித்தார்கள். அதுபோல் அவ்வீட்டுக்கு மூன்று நாளோடு நில்லாமல் அடிக்கடி சென்று வாருங்கள். அவன் தாய்க்கு மருந்து வாங்கிக் கொடுங்கள். அவ்வீட்டு வாயிலில் உங்கள் வண்டியின் ஓசை அதிர வேண்டாம். ஒவ்வோர் ஓசையும் அவளுக்கு மகனின் வருகையாகத் தோன்றும்.

அன்று அவனோடு போட்டியிட்டு ஓட்டியவரும், இன்னும் முறுக்கு என்று உசுப்பியவரும் உங்களுள் இருக்கலாம். அவர்கள் அதனை வெளியே சொல்ல அஞ்சி உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறார்கள். தவ்பாவின் கதவு திறந்தே இருக்கிறது. செய்ததற்கு வருந்துதல், அதனை விட்டொழித்தல், இனிச் செய்வதில்லையென உறுதி பூணுதல் ஆகிய மூன்றும் அதன் நிபந்தனைகள். பிறர் உரிமை அதில் கலந்திருந்தால் அதனைத் தீர்ப்பது நான்காவது. வேகத்தைக் கைவிடாமல் செய்யும் தவ்பா நிறைவு பெறாது.

பெற்றோர்களே! அரபு நாட்டிலோ சிங்கப்பூரிலோ உழைக்கும் தந்தை, பிள்ளையின் அருகே இருக்க முடியாத குறையை ஈடு செய்ய அவன் கேட்ட மோட்டார் சைக்கிளை வாங்கித் தருகிறார். பாசத்தால் செய்வதே. ஆனால் உரிமம் பெறும் வயதை அடையாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்தால், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அப்பிள்ளை 25 வயது வரை உரிமம் பெறவும் முடியாது. சட்டம் கிடக்கட்டும், ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி விசாரிக்கப்படுவர் என்ற நபிமொழியை மறக்கலாமா? தாய்மார்களே, மகன் வெளியே கிளம்பும்போது கடைக்குச் சீக்கிரம் போய் வா என்று சொல்லாதீர்கள். நிதானமாகப் போய் வா என்று சொல்லுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவை மக்தபுப் பிள்ளைகளுக்குப் பொருளுடன் கற்பியுங்கள். இவ்வாகனத்தை நமக்கு வசப்படுத்தித் தந்தவனைப் போற்றித் தொடங்கும் அந்த துஆ, நாம் அவனிடமே திரும்ப வேண்டியவர்கள் என்ற நினைவோடு முடிகிறது. ஏறும்போதே இறப்பை நினைவூட்டும் துஆவை ஓதியவனின் கை, முறுக்கத் தயங்கும். சாலையில் எவரேனும் விழுந்துகிடந்தால் கைப்பேசியில் படம் பிடிக்காமல் 108க்கு அழைக்கவும் பழக்குங்கள். காயமுற்றவர்க்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்னும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், திண்டிவனத்துக்கு வடக்கே அதே நெடுஞ்சாலையில் உள்ள மேல்மருவத்தூரில் தொடங்கிவைத்தது. உதவிக்கு வருவோரை வழக்கில் இழுத்து அலைக்கழிக்காதிருக்கச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. தீங்கு தருவதைப் பாதையிலிருந்து அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று அண்ணலார் அறிவித்திருக்கிறார்கள். கல்லும் முள்ளும் மட்டுமா தீங்கு? நம் வேகமும் ஒரு தீங்கே. அதனை அகற்றுவது நம் கையிலேயே இருக்கிறது.

வல்ல நாயன் அல்லாஹ், சாலைகளில் மாண்ட நம் பிள்ளைகளின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் கபர்களை ஒளிமயமாக்குவானாக! அவர்களை இழந்த பெற்றோருக்கு அழகிய பொறுமையை நல்குவானாக! இன்று வண்டியேறிப் புறப்படும் ஒவ்வொரு பிள்ளையையும் அவனுடைய தாயின் கண்முன் நலமே திருப்பிச் சேர்ப்பானாக! ஆமீன்.